பச்சை வந்தா கெளம்பிடறேன்

மகள்: அப்பா, பையைக் கீழ வைங்க.

மாமனார்: வைக்க மாட்டேன். வண்டி வந்துக்கிட்டிருக்கு.

மகள்: எந்த வண்டி?

மாமனார்: ஏதோ ஒரு வண்டி. வாசல்ல வந்து நிக்கும், நான் பாட்டுக்கு ஏறிப் போயிட்டே இருப்பேன். உங்க அக்கா 'எப்பப்பா வர்றீங்க, எப்பப்பா வர்றீங்க'ன்னு போன் மேல போன் போடுறா.

மகள்: யாரு... அக்காவா?

மாமனார்: ஏன், அவ என் பொண்ணு இல்லையா?

மகள்: ஏங்க... நீங்க என்ன ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? இங்க ஒரு மனுஷன் பையோட நிக்கிறாரு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

மாப்பிள்ளை: இரு இரு... கலர் ஏறுது... ஆங்! பாத்தியா? பச்சை! போன வாரத்தை விட நல்ல பச்சை.

மகள்: நான் கேட்டது...

மாப்பிள்ளை: அம்மோனியா! இந்த மீன் தொட்டித் தண்ணியில அம்மோனியா தலைவிரிச்சு ஆடுது. அளவுக்கு மீறிப் போட்ட தீனி அடியில கெடந்து அழுகினா இதான் வரும். நான் யாரையும் சொல்லல.

மாமனார்: கேட்டியா? யாரையும் சொல்லலையாம். இந்த வீட்டுல மீனுக்குத் தீனி போடுறவன் நான் ஒருத்தன்தான். பின்ன வேற யாரைச் சொல்றாரு, எதிர்வீட்டு நாயையா?

மாப்பிள்ளை: மாமா, நான் தண்ணியைப் பத்திதான் பேசறேன்.

மாமனார்: தீனி டப்பாவைத் தூக்கி பீரோ மேல வெச்சது தண்ணியா? தொட்டி மேல 'யாரும் தீனி போடாதீர்'னு சீட்டு ஒட்டினது தண்ணியா? போடாதீராம், போடாதீர்! மரியாதை வேற!

மகள்: அந்தச் சீட்டை நான் கிழிச்சுட்டேம்ப்பா.

மாமனார்: கிழிச்சா? மனசுல ஒட்டினதை யாரு கிழிக்கிறது? ஆஸ்டல்ல முந்நூறு பசங்களுக்கு மூணு வேளையும் பொங்கிப் போட்டவன் நான். 'மாஸ்டர், அளவுன்னா அது நீங்கதான்'னு வார்டனே சொல்லுவான். ஒரு நாள் மிஞ்சினதில்ல, ஒரு நாள் பத்தாமப் போனதில்ல. கடைசியில ஒரு மீனுக்கு அளவாப் போடத் தெரியலைன்னு பேரு வாங்கிட்டேன். ஒரே ஒரு மீனுக்கு!

மகள்: மேனேஜருக்கு.

மாமனார்: ஆமா, மேனேஜருக்கு.

மாப்பிள்ளை: அந்தப் பேரை முதல்ல மாத்துங்க மாமா. எங்க ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்காரு... நீங்க உள்ள இருந்து, 'மேனேஜர் வாயைப் பொளந்துட்டாரு, ரெண்டு உருண்டை எடுத்துப் போடு'ன்னு கத்துறீங்க. மனுஷன் கையில இருந்த பிஸ்கட்டை அப்படியே தட்டுல வெச்சுட்டாரு.

மாமனார்: நாள்பூரா வாயைத் தொறக்குது, மூடுது. ஒரு வேலையும் செய்யறதில்ல. வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?

மகள்: ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. ஏங்க, நேத்து நான் இதே தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணேன். மஞ்சள்தான் வந்துச்சு. சுத்தமான மஞ்சள். அம்மோனியா துளிகூட இல்ல.

மாப்பிள்ளை: நீயா? என் டெஸ்ட் பெட்டியைத் தொட்டியா?

மகள்: ஏன், தொட்டா கரைஞ்சிடுமா?

மாப்பிள்ளை: உனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அது ஒரு கலை. ஆளாளுக்குப் பண்ணா ஆளுக்கொரு ரிசல்ட்தான் வரும்.

மாமனார்: ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்.

மாப்பிள்ளை: மாமா, நான் பெயிண்ட் கம்பெனியில தரக்கட்டுப்பாடு பாக்குறவன். வெள்ளையில மட்டும் முப்பது வெள்ளை பிரிச்சு சொல்லுவேன். என்கிட்ட வந்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு...

மகள்: அப்ப நான் பொய் சொல்றேனா?

மாப்பிள்ளை: தப்பாப் பண்ணியிருப்பேன்னு சொல்றேன்.

மகள்: சரி. இப்பவே பண்ணிப் பாத்துடலாம். எங்க அப்பா கண்ணு முன்னாடி.

மாமனார்: பண்ணுங்க, பண்ணுங்க. நானும் சொல்லிடறேன். பச்சை வந்தா நான் கெளம்பிடறேன், பேச்சே இல்ல. மஞ்சள் வந்துச்சு... மாப்ள அவரு கையாலயே அந்த டப்பாவைப் பீரோ மேல இருந்து எறக்கி என் கையில குடுக்கணும்.

மாப்பிள்ளை: குடுக்கறேன் மாமா. சந்தோஷமாக் குடுக்கறேன். ஆனா மஞ்சள் வராது.

மாமனார்: அது வரைக்கும் வண்டிக்காரன் நிப்பானோ என்னவோ.

மகள்: வண்டி இன்னும் வரவே இல்லையேப்பா.

மாமனார்: வரும். நெரிசலா இருக்கும்.

மகள்: ஞாயித்துக்கிழமை காலைலயா? ...சரி, உக்காருங்க. பையை மடியில வெச்சுக்கிட்டாவது உக்காருங்க. ஏங்க, நாள்பூரா போன்ல ஜனங்க புகாரைக் கேட்டுக் கேட்டு வயித்தைக் கழுவுறவ நான். இன்னைக்கு உங்க புகாரைக் கேக்குறேன். வணக்கம் சார். உங்க பிரச்சனை என்ன சார்?

மாப்பிள்ளை: கிண்டலா?

மகள்: புரியுது சார். உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. முதல்ல, அந்த மருந்து பாட்டில் காலாவதி ஆகலையே சார்?

மாப்பிள்ளை: இந்தா, அடியிலயே போட்டிருக்கான் பாரு. அடுத்த வருஷம் வரைக்கும் போகும்.

மகள்: நல்லது சார். பாத்ரூம்ல வெச்சு ஈரம் ஏற விடலையே? ஏன் கேக்குறேன்னா, போன தடவை அந்த நனைச்சுப் பாக்குற பட்டைக் காகிதத்தை வாங்கி, மூடாம பாத்ரூம்ல வெச்சு, எல்லாம் ஈரம் குடிச்சு எடுக்கும்போதே நீலமா வந்துச்சு.

மாப்பிள்ளை: அது பழைய கதை. இது அலமாரியில, இருட்டுல, ஜம்முனு இருக்கு.

மகள்: குழாயை எதால கழுவினீங்க சார்? சோப்பு போட்டீங்களா?

மாப்பிள்ளை: சோப்பா? சோப்பு ஒட்டினா ரிசல்ட் மாறிடும்னு எனக்குத் தெரியாதா? எந்தத் தண்ணியைச் சோதிக்கிறோமோ அந்தத் தண்ணியிலயே அலசணும். நாலு தடவை அலசிட்டேன். மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்காத.

மாமனார்: மீன் பேச்சை எடுக்காதீங்க. எனக்கு நெஞ்சை அடைக்குது.

மகள்: இந்தா, ஒரே சொம்புல தொட்டித் தண்ணி மொண்டு வெச்சிருக்கேன். உங்க குழாய்க்கும் இதுல இருந்துதான், என் குழாய்க்கும் இதுல இருந்துதான். ஊத்துங்க. ...கோடு வரைக்கும். குனிஞ்சு, கண்ணுக்கு நேரா வெச்சுப் பாருங்க.

மாப்பிள்ளை: பாத்துட்டேன்.

மகள்: சொட்டு விடுங்க. பாட்டிலைச் சாய்க்காதீங்க, நேரா கவுத்துப் பிடிங்க. சாய்ச்சா சொட்டு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசாப் போகும்.

மாப்பிள்ளை: ...ஏழு... எட்டு. ஒண்ணாம் பாட்டில் முடிஞ்சுது. இப்ப ரெண்டாவது... பேசாத, எண்ணிக்கிட்டிருக்கேன்... ஆறு...

மாமனார்: அஞ்சு.

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: அஞ்சுதான் விழுந்துச்சு. ஒண்ணு பாட்டில் வாயிலயே நிக்குது பாருங்க. அளவு தெரியாதவன் நான்தானே? சொல்லலை, விடுங்க.

மாப்பிள்ளை: ...சரி, அஞ்சு. ஆறு, ஏழு, எட்டு. இப்பக் குலுக்கணும்.

மகள்: மூடி இங்க இருக்கு.

மாப்பிள்ளை: அது எதுக்கு? திருகி, கழட்டி, உருண்டு சோபாவுக்கு அடியில போகும். கடவுள் குடுத்த கட்டை விரல் இருக்கு. வாயை அடைச்சோமா, குலுக்கினோமான்னு...

மகள்: இந்த மூடியை எத்தனை தடவை உங்க கையில குடுத்திருக்கேன்? போன வாரம் உங்க காபி டம்ளர் பக்கத்துலயே வெச்சேன்.

மாப்பிள்ளை: நீ உன் குழாயை மூடி போட்டுக் குலுக்கு, யாரு வேண்டாங்கிறா? ம்... ஆச்சு. நீயும் எட்டு எட்டு விட்டுக் குலுக்கிட்ட. இனிமே ரெண்டு குழாயும் அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கணும்.

மாமனார்: அஞ்சு நிமிஷத்துல என் தலையெழுத்து.

மகள்: அப்பா, இப்படியெல்லாம் பேசாதீங்க. அம்மா போனப்புறம் நீங்க இங்க வந்த நாள்ல இருந்துதான் நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரணும்னு நெனச்சு வர்றேன். நீங்களும் மேனேஜரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதைப் பாத்தாலே எனக்குப் பாதி அலுப்பு போயிடும். நீங்க போயிட்டா நான் யாரைப் பாக்கறது?

மாமனார்: மாப்ளையைப் பாரு.

மகள்: அவரைப் பாத்து என்ன பண்றது? அவரு கண்ணாடியைப் பாத்துக்கிட்டு நிப்பாரு.

மாப்பிள்ளை: ஏய், நான் எப்ப கண்ணாடி...

மகள்: ஞாயித்துக்கிழமை ஆனா பாத்ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா, வெளிய வர்றதுக்குள்ள நான் துணி துவைச்சு, காயப்போட்டு, மடிச்சே வெச்சுடறேன்.

மாப்பிள்ளை: வாரம் முழுக்க பெயிண்ட் நாத்தம். ஒரு நாள் ஒழுங்காக் குளிக்கக் கூடாதா?

மாமனார்: அது என்னமோ மாப்ள, ஒழுங்காக் குளிக்கிறது நல்லாத் தெரியுது. ஜன்னல் வெளிச்சத்துல முடி என்னமாப் பளபளக்குது! இந்த வயசுல ஒரு நரை இல்ல.

மாப்பிள்ளை: எங்க பரம்பரை மாமா. எங்க அப்பாவுக்கும் இல்ல, எங்க சித்தப்பாவுக்கும் இல்ல. ரத்தத்துலயே இருக்கு.

மகள்: உங்க சித்தப்பாவுக்குத் தலையில முடியே இல்லையே?

மாப்பிள்ளை: இருந்த வரைக்கும் கறுப்பு. ...அதை விடு. மாமாவுக்கு மட்டும் என்ன? தலை பஞ்சா வெளுத்துப்போச்சு, மீசை மட்டும் காக்கா மாதிரி.

மாமனார்: எண்ணெய். ராத்திரி படுக்கும்போது தொட்டுத் தடவினா கறுப்பு நிக்கும். ஆஸ்டல் பழக்கம்... நேரம் ஆச்சா?

மகள்: ஆச்சு. குழாயை வெளிச்சத்துக்கு எடுத்துக்கிட்டு வாங்க. விளக்கு வெளிச்சம் வேண்டாம். வெள்ளைக் காகிதத்து மேல வெச்சு... ம்.

மாப்பிள்ளை: என்னுது பச்சை!

மகள்: என்னுது மஞ்சள்.

மாமனார்: எங்க, நகருங்க... அட! ஒரே சொம்புத் தண்ணிடா இது!

மாப்பிள்ளை: இது எப்படி... நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்க.

மகள்: நான் சொட்டு விட்டதை நீங்களும்தானே எண்ணினீங்க?

மாப்பிள்ளை: அப்ப சொம்புல அடித்தண்ணி எனக்கு வந்திருக்கும், மேல் தண்ணி உனக்கு...

மாமனார்: சொம்புல என்னய்யா மேல்மாடி கீழ்மாடி! சாமி, பச்சை வந்தா நான் போறேன்னேன். பச்சையும் வந்துச்சு மஞ்சளும் வந்துச்சு. இப்ப நான் ஒரு காலை வண்டியில வெச்சு ஒரு காலை வாசல்ல வைக்கணுமா?

மாப்பிள்ளை: இருங்க, இருங்க. மருந்து சரியா இருக்கான்னு பாத்துடுவோம். நாம குடிக்கிற தண்ணியை எடுக்கறேன். ஃபில்டர்ல வடிச்ச தண்ணி. இதுல அம்மோனியா இருக்க வாய்ப்பே இல்ல. இதுக்கு மஞ்சள் வந்தா மருந்தும் சரி, நானும் சரி, உன் மஞ்சள்தான் தப்புன்னு அர்த்தம்.

மகள்: பண்ணுங்க. ...குழாயை அலசிட்டுப் பண்ணுங்க.

மாப்பிள்ளை: அலசியாச்சு. சொட்டு... ரெண்டாவது... கட்டை விரல்... குலுக்கியாச்சு.

மாமனார்: இன்னொரு அஞ்சு நிமிஷமா? இதுக்குள்ள நான் ஆஸ்டல்ல முப்பது பேருக்குப் பரிமாறியிருப்பேன்.

மகள்: அப்பா, மேனேஜரைக் கொஞ்சம் பாருங்களேன். எப்படி இருக்காரு?

மாமனார்: அவருக்கென்ன, வாலை ஆட்டிக்கிட்டு ராஜா மாதிரி சுத்துறாரு. என்னைப் பாத்து வாயைத் தொறக்குறாரு. பாவம், பசி.

மகள்: அதான் கேக்குறேன். வாரா வாரம் இவரு சொல்ற அளவுக்கு அம்மோனியா இருந்திருந்தா அவரு இந்நேரம் மல்லாந்து மெதந்திருக்க மாட்டாரா? இவரு பச்சையைப் பாத்துட்டு 'பாதித் தண்ணியை மாத்து'ங்கிறாரு. வாளி வாளியாத் தூக்கிக் கொட்டி என் இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்.

மாப்பிள்ளை: நான் தண்ணி மாத்தச் சொன்னதாலதான் அது உசுரோட இருக்கு!

மகள்: கழுவுற மீன்ல நழுவுற மீன் நீங்க.

மாப்பிள்ளை: நேரமாச்சு. இப்பப் பாரு... இப்பப் பாரேன்... ...

மகள்: என்னங்க?

மாமனார்: மாப்ள, வாயைத் தொறந்து சொல்லுங்க. மேனேஜர் மாதிரி தொறந்து தொறந்து மூடாதீங்க.

மாப்பிள்ளை: பச்சை.

மாமனார்: குடிக்கிற தண்ணியிலயா!

மாப்பிள்ளை: ஆமா.

மாமனார்: அதுலயும் நான்தான் தீனி போட்டேனா? சொல்லுங்க மாப்ள! ராத்திரியோட ராத்திரியா எழுந்து போயி ஃபில்டரைத் தொறந்து உள்ள ரெண்டு கை அள்ளிப் போட்டேனா?

மாப்பிள்ளை: மாமா, எனக்கே தலை சுத்துது...

மாமனார்: சுத்தட்டும்! நல்லாச் சுத்தட்டும்!

மகள்: சரி, கத்தாதீங்க. தண்ணியில தப்பில்ல. மருந்துல தப்பில்ல, அதே மருந்துலதான் எனக்கு மஞ்சள் வருது. வெளிச்சம் ஒண்ணுதான். சொட்டும் ஒண்ணுதான். அப்ப அவரு பண்றதுக்கும் நான் பண்றதுக்கும் என்ன வித்தியாசம்? ...அப்பா, நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? சொல்லுங்க.

மாமனார்: நானா? நான் என்னத்தைக் கண்டேன்... அவரு ஊத்தினாரு, நீயும் ஊத்தின. அவரு சொட்டு விட்டாரு, நீயும் விட்ட. அவரு விரலை வெச்சுக் குலுக்கினாரு, நீ மூடியை... அடேயப்பா!

மகள்: ஆங்?

மாமனார்: விரலு! கட்டை விரலு! ஆஸ்டல் அடுப்படியில எவனாவது குழம்புல விரலை விட்டு ருசி பாத்தா அகப்பையாலயே ஒண்ணு போடுவேன். அகப்பையை எடு!

மாப்பிள்ளை: மாமா, விரல்ல என்ன இருக்கப் போகுது? சுத்தமான விரல். காலைல குளிச்ச விரல்.

மகள்: அப்ப பாத்துடலாமே. அதே குடிதண்ணி. இந்தத் தடவை நீங்களே மூடி போட்டுக் குலுக்குங்க.

மாப்பிள்ளை: இதெல்லாம் வீண் வேலை...

மகள்: குலுக்குங்க சார். உங்க புகார் இன்னும் முடியல சார்.

மாப்பிள்ளை: ...இந்தா. குலுக்கிட்டேன். திருப்தியா?

மாமனார்: இந்த அஞ்சு நிமிஷம் எனக்கு இனிக்குது.

மகள்: ஏங்க, ஏன் அந்தக் கையை மட்டும் லுங்கிக்குள்ள மறைக்கிறீங்க?

மாப்பிள்ளை: மறைக்கல. அரிக்குது.

மகள்: ம்... சரி. அரிக்கட்டும்.

மாமனார்: ...என்ன, இன்னும் கலரே ஏறல?

மகள்: ஏறாதுப்பா. நேரமும் ஆச்சு. பாருங்க... மஞ்சள்.

மாமனார்: மஞ்சள்! மங்களகரமா மஞ்சள்! அவரு கையாலயே மஞ்சள்!

மகள்: சார், கடைசிக் கேள்வி. இன்னைக்குக் காலைல அந்தக் கட்டை விரலை எதுக்கெல்லாம் உபயோகிச்சீங்க சார்?

மாப்பிள்ளை: ...பல்லு தேய்ச்சேன்.

மகள்: கட்டை விரலாலயா?

மாப்பிள்ளை: பெயிண்ட் ஒட்டியிருக்கும். கம்பெனி பெயிண்ட்.

மகள்: நேத்தும் இன்னைக்கும் உங்களுக்கு லீவு.

மாமனார்: கையை இப்படிக் குடுங்க மாப்ள. மூக்குக்கிட்ட கொண்டு வாங்க... ம்ம்... இது... அட, இது முடிக்கு அடிக்கிற சாயம்!

மகள்: என்னது!

மாமனார்: சத்தியமா! அந்தக் காட்டமான வாசனை, மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வருமே, அதேதான். நகத்துக்கு ஓரத்துல பாரு, கறுப்பு. காதுக்குப் பின்னாடி பாரு! ரத்தத்துலயே இருக்குன்னாரே, ரத்தம் காது வழியா வழிஞ்சிருக்கு!

மகள்: ஏங்க... நெசமாவா?

மாப்பிள்ளை: ...கொஞ்சம்தான். கிருதா கிட்ட மட்டும்.

மகள்: பரம்பரை?

மாப்பிள்ளை: பரம்பரையே அடிச்சாங்க போதுமா! எங்க அப்பா அடிச்சாரு, சித்தப்பா அடிச்சு அடிச்சுதான் அவருக்கு முடியே கொட்டுச்சு! ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பய ஒருத்தன், 'அங்கிள், இந்த டப்பாவை நகர்த்தட்டுமா, உங்களால முடியாது'ங்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அப்புறம் கடைக்குப் போயி வாங்கினேன்.

மாமனார்: அதுல இருக்கு அம்மோனியா! மீன் தொட்டியில இல்ல, மாப்ள தலையில இருக்கு! அதுக்கு நான் பழி சுமந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதும் இல்லாம, சோத்தை ஆக்கினவன் மேலயே பழி!

மாப்பிள்ளை: ...மாமா.

மாமனார்: என்ன?

மாப்பிள்ளை: உங்களுக்கு எப்படி அந்த வாசனை தெரிஞ்சுது?

மாமனார்: எந்த வாசனை?

மாப்பிள்ளை: மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வரும்னீங்களே. மோந்து பாத்தவுடனே சொல்லிட்டீங்க.

மாமனார்: ...மூக்கு இருக்கு, மோந்தேன். வண்டி வந்திருக்கும், நான் கெளம்புறேன்.

மகள்: உக்காருங்கப்பா.

மாப்பிள்ளை: கட்டை விரலைக் குடுங்க மாமா. நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயம். எந்த விரலை வெச்சாலும் வேர்வைக்குப் பச்சை வருமோ என்னவோ? பாத்துடலாம்.

மாமனார்: என் விரல்ல எந்தச் சாயமும் இல்ல!

மாப்பிள்ளை: நான் சாயம்னு சொல்லவே இல்லையே. வேர்வைன்னுதானே சொன்னேன்?

மகள்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம்.

மாமனார்: நீயுமா கண்ணு? பெத்த அப்பனை...

மகள்: விரலை வைங்கப்பா.

மாமனார்: ...வெச்சுத் தொலைக்கிறேன்.

மாப்பிள்ளை: நல்லாக் குலுக்குங்க. இந்த அஞ்சு நிமிஷம் எனக்கு இனிக்குது மாமா.

மாமனார்: இங்க பாருங்க, அஞ்சு நிமிஷமெல்லாம் எதுக்கு... இப்பவே சொல்லிடறேன். பச்சைதான் வரும்.

மகள்: அப்பா!

மாமனார்: இவரு குளிச்சுட்டு வந்தப்புறம் பாத்ரூம்ல சாயம் கரைச்ச பிளாஸ்டிக் கிண்ணம் ஜன்னல் மேல இருக்கும். அடியில ஒரு துளி ஒட்டிக்கிட்டு நிக்கும். கொட்டினா வீண்தானே? ஆக்குனதை வீணாக்கினா எனக்கு மனசு ஆறாது. வழிச்சு மீசைக்குத் தடவினேன். துளிதான்! மீசைக்கு மட்டும்!

மாப்பிள்ளை: எண்ணெய்னீங்க!

மாமனார்: நீங்க ரத்தம்னீங்க!

மகள்: எதுக்குப்பா இதெல்லாம்?

மாமனார்: எதுக்கா? வேலையும் போச்சு, உங்க அம்மாவும் போயிட்டா. பஸ்ல ஏறினா உன்னை விட மூத்தவ ஒருத்தி எழுந்து, 'தாத்தா, உக்காருங்க'ங்கிறா. தலையில எதையும் பண்ண முடியாது. மீசையாவது என் பேச்சைக் கேக்கட்டுமேன்னு பாத்தேன்.

மாப்பிள்ளை: ...ஹ... ஹஹ்ஹா...

மாமனார்: சிரிக்காதீங்க மாப்ள.

மாப்பிள்ளை: இல்ல மாமா... ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்துல... ஹஹ்ஹா... அதான் பாக்கெட் இவ்வளவு சீக்கிரம் தீருதா! ஆறு வாரம் வரும்னு போட்டிருக்கான், மூணு வாரம்கூட வர்றதில்ல. கம்பெனிக்காரன் எடையில ஏமாத்துறான்னு நான் புகார் எழுதிப் போட்டேன்!

மாமனார்: என்மேல பழி போடாதீங்க, மறுபடியும்! நான் தொட்டது கிண்ணத்து அடியில ஒட்டினதுதான். பாக்கெட்டை நான் கண்ணால கூடப் பாத்ததில்ல. எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னே தெரியாது. எங்க வெச்சிருக்கீங்க?

மாப்பிள்ளை: அதை மட்டும் சொல்ல மாட்டேன். உசுரே போனாலும்.

மகள்: சரி சரி, பேச்சை மாத்தாதீங்க. பந்தயம் என்னாச்சு? டப்பாவை எறக்குங்க.

மாப்பிள்ளை: எறக்கறேன். ...இந்தாங்க மாமா. தப்பு என்மேலதான். உங்களைப் போயி அளவு தெரியாதவர்னு சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மன்னிச்சிடுங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம். போனா இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுறது? இவகிட்ட நான் ஜெயிக்கவே முடியாது.

மாமனார்: ...சீட்டு?

மாப்பிள்ளை: இனிமே எழுதவே மாட்டேன்.

மாமனார்: 'போடாதீர்'?

மாப்பிள்ளை: போடுவீர். தாராளமாப் போடுவீர்.

மாமனார்: தாராளமாப் போட்டாத்தான் அழுகும். அளவாப் போடுவேன். ...மேனேஜர், வாங்க, வாயைத் தொறங்க. இந்தாங்க ரெண்டு உருண்டை.

மகள்: அப்பா! அந்தக் கையைக் கழுவிட்டுப் போடுங்க!

மாமனார்: ஐயய்யோ, ஆமா! நல்ல வேளை, இன்னும் போடல.

மாப்பிள்ளை: பையை நான் உள்ள கொண்டு போயி வைக்கிறேன் மாமா. குடுங்க.

மாமனார்: வேண்டாம் வேண்டாம், நானே...

மாப்பிள்ளை: குடுங்க மாமா, கனமா இருக்கும்... என்னது இது? காத்து மாதிரி இருக்கு!

மாமனார்: துணி கம்மி.

மாப்பிள்ளை: கம்மியா? இருங்க, திறந்து பாக்குறேன்... உள்ள ஒண்ணுமே இல்ல! ஒரே ஒரு துண்டு. அதுவும் என் துண்டு.

மகள்: அப்பா... வண்டி?

மாமனார்: எனக்கு எங்க அந்தப் போன்ல வண்டி கூப்பிடத் தெரியும்?

மகள்: அக்கா போன் மேல போன் போட்டாளே?

மாமனார்: உங்க அக்கா போன் பண்ணி எவ்வளவு நாளாச்சு. போன தடவை பேசினப்ப, 'இங்க இடம் பத்தாதுப்பா'ன்னு நான் கேக்காமலேயே சொன்னா. ...துணியை எடுத்து வெச்சுட்டு நின்னு, 'சரி போயிட்டு வாங்க'ன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் நான் எங்க போறது? அதான் வெறும் பையைத் தூக்கிக்கிட்டு நின்னேன். நிறுத்துவீங்களான்னு பாத்தேன்.

மகள்: உங்களைப் போகச் சொல்வேனாப்பா நான்? வாயில என்ன வார்த்தை வருது உங்களுக்கு?

மாப்பிள்ளை: மாமா, இந்தப் பையை நான் பரண் மேல போட்டுடறேன். ஏணி இல்லாம எடுக்க முடியாத இடத்துல.

மாமனார்: அந்தத் துண்டை எடுத்துக் குடுத்துட்டுப் போடுங்க. முகம் துடைக்கணும்.

மாப்பிள்ளை: இந்தாங்க. ...ஆனா ஒண்ணு. நான் விரல் வெச்சேன், மாட்டினேன். மாமா விரல் வெச்சாரு, மாட்டினாரு. இவ மட்டும் எப்படி முதல் நாள்ல இருந்தே மூடி போட்டுப் பண்றா?

மகள்: பெட்டியோட வந்த காகிதத்துல எழுதியிருக்கு. விரல் வைக்கக் கூடாதுன்னு.

மாப்பிள்ளை: நீயா? மிக்சி வாங்கினப்ப அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலே அலமாரிக்கு அடியில விரிச்சவ நீ. எங்க, உன் கட்டை விரலைக் காட்டு.

மகள்: எனக்கு அடுப்புல வேலை இருக்கு.

மாமனார்: அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு கண்ணு. காட்டு.

மாப்பிள்ளை: ஏய், அப்ப உனக்கு முதல்லயே தெரியும்! மூடியைக் கையில கையில குடுத்தது அதுக்குத்தானா! தெரிஞ்சுக்கிட்டே உங்க அப்பா பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற வரைக்கும் ஏன் வாயைத் தொறக்கல?

மகள்: தொறந்தா, அந்தப் பாக்கெட்டை மீன் தொட்டி ஃபில்டர் பஞ்சு டப்பாவுல இருந்து எடுத்து வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுவீங்களே... அடுத்த தடவை ரெண்டா வாங்கிட்டு வாங்க. மூணு பேருக்கு ஒண்ணு பத்தல.